பதினொன்றாம் வகுப்பில் படம் வரையும் பிள்ளைக்கு இடம் எங்கே?



ஏப்ரல், மே வந்தால் என் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. "சார், பையனுக்கு எந்த குரூப் எடுக்கலாம்?" என்பது வழக்கமான கேள்வி. சில வருடங்களாக அதோடு இன்னொரு வகைக் கேள்வியும் சேர்ந்திருக்கிறது. துபாய், சிங்கப்பூர், இங்கிலாந்து என்று போன என் பழைய மாணவர்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள். சிலருக்கு வேலை ஒப்பந்தம் முடிந்துவிட்டது. சிலருக்கு இங்கே பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கூடவே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

அப்படி இங்கிலாந்திலிருந்து ஒருவன் பேசினான். நாலாம் வகுப்பில் என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவன். இப்போது அவன் மகள் ஜிசிஎஸ்இ எழுதி முடிக்கிறாள். தருமபுரிக்கே வந்துவிடுகிறார்கள். "எந்நேரமும் படம் வரையறா சார். இங்க ஆர்ட் ஒரு பாடம். சிக்ஸ்த் ஃபார்ம்ல அதையே முக்கியப் பாடமா எடுக்கலாம்னு இருந்தா. அங்க வந்தா பிளஸ் ஒன்ல அவளுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டான். பத்து நிமிடப் பேச்சில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. இதே கேள்வியோடு இன்னும் மூன்று பேர் இருப்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டு நகரலாம்தான். ஆனால் இந்த இரண்டு வருடப் படிப்பு நம் ஊருக்கு எப்படி வந்தது, வரும் வழியில் எதைக் கீழே போட்டுவிட்டு வந்தது என்று தெரியாமல் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது கஷ்டம்.

முதலில் அந்த 'சிக்ஸ்த் ஃபார்ம்' என்ற பெயர். இந்தச் சொல் நமக்குப் புதிதில்லை. உங்கள் தாத்தாக்களைக் கேட்டால் "நான் மூணாம் பாரம் வரைக்கும் படிச்சேன்" என்பார்கள். பழைய சென்னை மாகாணத்தில் ஆறாம் வகுப்புதான் முதல் பாரம். அங்கிருந்து எண்ணினால் பதினொன்றாம் வகுப்பு ஆறாம் பாரம். அதுதான் எஸ்.எஸ்.எல்.சி. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இங்கிலாந்தில் 'சிக்ஸ்த் ஃபார்ம்' என்றால் பதினாறு வயதுப் பரீட்சை முடிந்த பிறகு வரும் இரண்டு வருடம். 1951இல் அங்கே ஏ லெவல் பரீட்சை வந்தது. பெரும்பாலும் மூன்று பாடங்கள்தான். அந்த மூன்றில் ஒன்று ஓவியமாக இருக்கலாம், நாடகமாக இருக்கலாம், இசையாகவும் இருக்கலாம். ஓவியத்தில் 60 சதவீத மதிப்பெண் பிள்ளை இரண்டு வருடமாகச் செய்து சேர்த்த வேலைக்கே போகிறது. லண்டன் பக்கம் குராய்டனில் 1991 முதல் கலைகளுக்கென்றே பிரிட் ஸ்கூல் என்று ஒரு பள்ளி நடக்கிறது, கட்டணம் இல்லாமல். சிங்கப்பூரில் 2008இல் அதுபோல ஒன்று தொடங்கினார்கள். ஆகவே அந்தப் பெண் கேட்டதில் பேராசை எதுவும் இல்லை. அவள் இருக்கும் ஊரில் அது சாதாரண விஷயம்.

நம் ஊரிலும் அது சாதாரணமாக ஆகியிருக்க வேண்டியதுதான். இதைப் பலர் அறியமாட்டார்கள்.

1952இல் இந்திய அரசு இடைநிலைக் கல்விக்கென ஒரு குழுவை அமைத்தது. தலைவர் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார். பிரசவ மருத்துவத்தில் பெயர் பெற்றவர். 1942 முதல் 1969 வரை, 27 வருடம், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். (ஆற்காடு இரட்டையர் என்று சொல்வார்களே, அண்ணன் ராமசாமி முதலியார், தம்பி இவர்.) 1953இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்கக் கூடாது, பள்ளியின் மேல் வகுப்புகளில் ஏழு பிரிவுகள் வேண்டும் என்றது. மானுடவியல் பாடங்கள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல். ஏழில் ஒன்று நுண்கலை! கலை வரலாறு, வரைதல், வண்ணம் தீட்டுதல், உருவம் வார்த்தல், இசை, நடனம் எல்லாம் அதில் அடக்கம். அறிவியல் குரூப்புக்குச் சமமாக ஒரு கலை குரூப். சொன்னவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், அதுவும் ஒரு மருத்துவர். அதனால்தான் எனக்கு அந்த அறிக்கைமேல் தனி மரியாதை.

அதில் ஆறு பிரிவுகள் ஏதோ ஒரு வடிவத்தில் நம் மாநிலத்தில் கால் ஊன்றின. ஏழாவதாக நின்ற நுண்கலைக்கு மட்டும் பெஞ்சு போடவில்லை. ஓவியத்தை முதன்மைப் பாடமாகக் கொண்ட ஒரு மேல்நிலை குரூப்பை நம் பக்கத்துப் பள்ளிகளில் என் பணிக்காலம் முழுவதும் நான் பார்த்ததில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டர் இருந்தார். வாரத்துக்கு ஒன்றிரண்டு பீரியட். கணக்கு வாத்தியார் அதையும் கேட்டு வாங்கிக்கொள்வார். டிராயிங் 'லோயர்', 'ஹையர்' என்று அரசு தொழில்நுட்பத் தேர்வு உண்டு. அதை முடித்தவர்கள் மறுபடி டிராயிங் மாஸ்டர் ஆனார்கள். வட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

அடுத்து வந்தது இயற்பியல் அறிஞர் கோத்தாரி தலைமையிலான குழு. 1966இல் அறிக்கை தந்தது. 10+2+3 என்பது அங்கிருந்து வந்தது. தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கு வந்தது 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். அதற்குமுன் பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. 1978 ஜூனில் பிளஸ் ஒன் வகுப்பில் உட்கார்ந்த முதல் கூட்டத்தில் நானும் ஒருவன். 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதினோம். பாடப் புத்தகம் புதிது, எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களுக்கும் அது புதிது. பிறகு நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன், அது வேறு கதை.

அந்த மாற்றத்தை நான் குறை சொல்லமாட்டேன். பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போகவேண்டும். தருமபுரி மாவட்டமே 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. தருமபுரியில் அரசுக் கலைக் கல்லூரி வந்ததும் அதே வருடம்தான். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமத்துப் பெண்பிள்ளையைப் பதினாறு வயதில் டவுன் கல்லூரிக்கு அனுப்ப எத்தனை வீட்டில் துணிந்தார்கள்? பிளஸ் டூ உள்ளூர்ப் பள்ளிக்கு வந்ததால் படித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களிலேயே பலர் அப்படிப்பட்டவர்கள்தான்.

கூடவே தொழிற்கல்விப் பிரிவும் 1978இலேயே தொடங்கியது. வேளாண்மை, மனையியல், வணிகம், பொறியியல், சுகாதாரம் என்று போட்டார்கள். முதலியார் சொன்ன நுண்கலை அப்போதும் உள்ளே வரவில்லை.

அதற்குப்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப், தேர்ட் குரூப் என்று பெயரிலேயே தரவரிசை வந்துவிட்டது. 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2007இல் அதை எடுத்ததும் எல்லாப் பாரமும் பிளஸ் டூ மதிப்பெண் தலையில் ஏறியது. நாமக்கல், ராசிபுரம் பக்கம் தொடங்கி, நம் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் விடுதிப் பள்ளிகள் முளைத்தன. 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டுவது ஊரறிந்த ரகசியம். அதைத் தடுக்கத்தான் 2018இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தினார்கள். அடுத்து 1200 மதிப்பெண் 600 ஆனது. 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு மறுபடி போய்விட்டது.

பெற்றோரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசி மாவட்டம் நம்முடையது, சுமார் 68.5 சதவீதம். மதிப்பெண் ஒன்றுதான் நம் வீடுகளுக்கு வெளியேறும் கதவாக இருந்தது. நிலத்தை விற்று அந்த விடுதியில் சேர்த்தவர்களை எனக்குத் தெரியும். அதேபோல, அப்படிப்பட்ட ஒரு விடுதியில் வரைந்த நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் ஒரு வருடம் யாரிடமும் சரியாகப் பேசாமல் இருந்த ஒரு பிள்ளையையும் தெரியும். பள்ளியின் பெயர் வேண்டாம். அந்தப் பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள்.

சரி, பள்ளியில் இடமில்லை என்றால் தமிழ்நாட்டில் ஓவியர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

சென்னை எழும்பூரில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில், செங்கல் சிவப்பில் ஒரு பழைய வளாகம் இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி. இரண்டு வருடத்தில் அரசு எடுத்துக்கொண்டது. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான். வெள்ளைக்காரர்கள் அதை முதலில் கைத்தொழில் பள்ளியாகத்தான் நடத்தினார்கள். ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1898இல் அங்கே பொறுப்பில் இருந்த ஆல்பிரெட் சாட்டர்டன் அந்தப் பள்ளியில்தான் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். 1900இல் அது தனி கம்பெனியே ஆகிவிட்டது. உங்கள் பாட்டி வீட்டு அலுமினியச் சட்டிக்கும் ஓவியக் கல்லூரிக்கும் அப்படி ஓர் உறவு!

1929க்குப் பிறகு தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் நின்று போட்டோ எடுத்திருப்பீர்களே, அவர் செய்ததுதான். அவரிடம் படிக்க வந்தவர்களில் ஒருவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பச் சூழ்நிலையால் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவிலும் பிறகு காப்பீட்டு வேலையிலும் இருந்துவிட்டு, 25 வயதில் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957இல் அதே பள்ளிக்கு முதல்வர் ஆனார். ஓவியம் படித்தவனுக்குச் சோறு எங்கே என்று அப்போதும் கேட்டார்கள். பணிக்கரும் மாணவர்களும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்கள் செய்து விற்ற காசைச் சேர்த்து, 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். அங்கே ஓவியர்கள் இன்னும் குடியிருக்கிறார்கள்.

திருச்சி மாவட்டம் துறையூர் பக்கம் கீராம்பூர் என்ற கிராமத்திலிருந்து போனவர் ஆதிமூலம். அவருடைய காந்தி கோட்டோவியங்களையும் தமிழ்ப் புத்தக அட்டைகளையும் நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அவருக்கு முன்னால் பிளஸ் டூவில் எந்த கலை குரூப்பும் இருக்கவில்லை. பிளஸ் டூவே இருக்கவில்லை. கையில் வரைந்த தாள்களோடு போனார்கள், வரைந்து காட்டினார்கள், உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

இன்றும் வாசல் ஏறக்குறைய அதேதான். பிளஸ் டூ தேர்ச்சி வேண்டும். அதற்குமேல் செய்முறை நுழைவுத் தேர்வில் உட்கார்ந்து வரைய வேண்டும். சென்னை, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிகள், 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் கட்டடக் கலை மற்றும் சிற்பக் கல்லூரி எல்லாம் 2013இல் ஏற்படுத்திய இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகத்தின்கீழ் வருகின்றன. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம், தரமணியில் உள்ள நிஃப்ட் இரண்டும் இளநிலை வடிவமைப்புப் படிப்புக்கு எந்த குரூப் என்று பார்ப்பதில்லை. தனி நுழைவுத் தேர்வு வைக்கின்றன. கட்டடக் கலை மட்டும் விதிவிலக்கு. பி.ஆர்க். போகிற எண்ணம் துளி இருந்தாலும் கணிதம், இயற்பியல் உள்ள குரூப்பை விடக்கூடாது.

ஆகவே தம்பி, உன் மகளுடைய இரண்டு வருடத்தில் நீ தேடவேண்டியது நேரம். தினமும் இரண்டு மணி நேரம் அவள் கை தாளில் இருக்கவேண்டும். காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை ஸ்டடி வைக்கும் பள்ளி 590 மதிப்பெண் வாங்கிக் கொடுத்தாலும் அந்த வாசலில் அவளுக்கு உதவாது. அங்கே போய் உட்காரும்போது கை எழவில்லை என்றால் மதிப்பெண் பட்டியலைக் காட்டி ஈடுகட்ட முடியாது.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளை என்பதும் நமக்குப் புதிதில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

மிகப் பிரபலமான உதாரணம் அம்ரிதா ஷெர்கில். 1913இல் புடாபெஸ்டில் பிறந்தவர். அப்பா பஞ்சாபி, அம்மா ஹங்கேரிக்காரர். எட்டு வயதில் சிம்லாவுக்கு வந்தார். பதினோரு வயதில் அம்மா பிளாரன்ஸுக்குக் கூட்டிப்போய்க் கன்னிமாடப் பள்ளியில் சேர்த்தார், ஒத்துவரவில்லை. சிம்லா கன்னிமாடப் பள்ளியும் ஒத்துவரவில்லை. கடைசியில் 1929இல் குடும்பமே பாரிசுக்குப் பெட்டி கட்டியது. பதினாறு வயதுப் பெண்ணை ஓவியப் பள்ளியில் சேர்ப்பதற்காக! 1937இல் அவர் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்து வரைந்த படங்கள்தான் இன்றைக்கு அதிகம் பேசப்படுகின்றன. 28 வயதில் இறந்துபோனார். பெண்ணின் படிப்புக்காக ஊர்விட்டு ஊர் போகும் வசதி அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவோம். கலாக்ஷேத்ராவை ருக்மிணி தேவி 1936இல் தொடங்கினார். இலங்கையிலிருந்து அங்கே வந்து படித்தவர்கள் பலர். கொழும்பில் பிறந்த நீலா சத்தியலிங்கம் அவர்களில் ஒருவர். பிறகு சிங்கப்பூருக்குப் போய் 1977இல் அப்சராஸ் ஆர்ட்ஸ் தொடங்கினார். அந்த நாட்டின் உயர்ந்த கலை விருதான கலாச்சாரப் பதக்கம் 1989இல் அவருக்குக் கிடைத்தது. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்த ஒருவர் கொழும்பில் நில அளவைத் துறையில் வரைபட வேலை பார்த்துவிட்டு, புனே திரைப்படக் கல்லூரிக்கு வந்து ஒளிப்பதிவு படித்து 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அவர்தான் பாலு மகேந்திரா. இவர்கள் இருவரும் தமிழோடு வந்தவர்கள் என்பதை மறக்கவேண்டாம்.

இன்னொரு கூட்டத்தை இந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள், 1983 ஜூலைக்குப் பிறகு வந்த ஈழத்துப் பிள்ளைகள். நம் மாவட்டத்தில் அணைகளை ஒட்டி முகாம்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து பாதிப் படிப்பில் வந்தவர்கள்தான். கையில் மாற்றுச் சான்றிதழ்கூட இல்லாமல் வந்தார்கள். நம் அரசுப் பள்ளிகள் அவர்களைச் சேர்த்துக்கொண்டன. நோட்டில் தென்னை மரமும் கடலுமாக வரைந்துகொண்டிருந்த ஒரு பையன் என் வகுப்பிலேயே இருந்தான். தருமபுரியில் ஏது கடல்? மற்ற பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். பாஷை ஒன்றாக இருந்தும் உச்சரிப்பைக் கேலி செய்தார்கள், அந்த நோட்டுதான் அவனைக் காப்பாற்றியது.

லண்டனிலிருந்து வரும் பெண்ணுக்கும் முதல் ஆறு மாதம் அதுதான் பிரச்சினை. படிப்பைவிட வகுப்பறைதான் அவளைச் சோதிக்கும். வாத்தியார் சொல்வதை எழுதி எடுத்து, மனப்பாடம் செய்து, அப்படியே ஒப்பிப்பது அவளுக்குப் புதிது. கேள்வி கேட்டால் முறைக்கும் ஆசிரியரும் புதிது. அதனால் பள்ளியைப் பார்க்கப் போகும்போது நீ மட்டும் போகாதே, அவளையும் கூட்டிக்கொண்டு போ. தலைமையாசிரியர் அவளிடம் நேராகப் பேசுகிறாரா, உன்னிடம் மட்டும் பேசுகிறாரா என்று கவனி. அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இனி நடைமுறை விஷயம்.

ஜிசிஎஸ்இ முடிவு ஆகஸ்டு பின்பாதியில்தான் வரும். நம் பிளஸ் ஒன் ஜூனில் தொடங்கிவிடும். சிபிஎஸ்இ பள்ளிகள் பலவற்றில் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். முடிவு வரும்வரை தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. அந்தப் பள்ளியின் மாற்றுச் சான்று, மதிப்பெண் பட்டியல் இரண்டையும் அங்கிருந்து கிளம்பும் முன்பே கையில் வாங்கு. தூதரக முத்திரை வேண்டுமா என்று இங்கே சேரப்போகும் பள்ளியில் கேள். வெளிநாட்டுப் பரீட்சைகளுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் சமநிலைச் சான்று தருகிறது. ஐந்து பாடங்களில், ஆங்கிலமும் அதில் ஒன்றாக, நல்ல கிரேடு இருக்கவேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. மாநில வாரியமா, சிபிஎஸ்இயா என்பதைப் பொறுத்துக் காகிதம் மாறும்.

தமிழ் தெரியாதே என்று பயப்படுகிறாய். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்புவரைதான். பிளஸ் ஒன்னில் முதல் மொழியாகப் பிரெஞ்சு போன்ற வேறு மொழியை எடுக்க மாநில வாரியத்திலேயே வழி உண்டு. ஆனால் அந்த மொழிக்கு ஆசிரியர் எந்தப் பள்ளியில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி, நம் ஊரில் அது அரிது. என் ஆசை அவள் தமிழும் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பது. அதைப் பரீட்சைக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். மாலையில் என் வீட்டுக்கு அனுப்பு, ஃபீஸ் எதுவும் வேண்டாம்.

ஓவியத்தைப் பாடமாகவே எடுக்கவேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தால் இரண்டு வழி. சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் 11, 12ஆம் வகுப்புகளுக்கு ஓவியம், சிற்பம், பயன்பாட்டுக் கலை என்று விருப்பப் பாடங்கள் உண்டு. பட்டியலில் உண்டு என்பதற்காக எல்லாப் பள்ளியிலும் இருக்காது. ஆசிரியர் இருக்கிறாரா, போன வருடம் எத்தனை பிள்ளைகள் அதில் பரீட்சை எழுதினார்கள் என்று கேள். சேலம், பெங்களூர், சென்னையில் கிடைக்கலாம், ஆனால் விடுதி தேவைப்படும். இன்னொன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி. அதிலும் மேல்நிலையில் ஓவியம் ஒரு பாடம். வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் புது ஊருக்கு வந்த பதினாறு வயதுப் பெண்ணை வகுப்புத் தோழிகளே இல்லாமல் வீட்டில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என் யோசனை கேட்டால், உள்ளூரில் வீட்டிலிருந்து போய்வரும் ஒரு சாதாரணப் பள்ளி. ஆங்கில வழி. கட்டடக் கலை ஆசை இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப். இல்லாவிட்டால் வரலாறு, பொருளியல் உள்ள குரூப். கலை வரலாறு படிக்கப்போகிற பிள்ளைக்கு வரலாறு வீண் போகாது. 'தேர்ட் குரூப்பா?' என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், இதைப் படிக்கிற என் உறவினர்களில் இரண்டு பேர் உட்பட. சுளிக்கட்டும். அரசுப் பள்ளியையும் ஒதுக்காதே. அதியமான் பெயரில் ஆண்கள் பள்ளியும் அவ்வையார் பெயரில் பெண்கள் பள்ளியும் வைத்திருக்கும் ஊர் இது, பாட்டு எழுதியவளுக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர். ஒன்றை மட்டும் தெரிந்துகொள். மருத்துவம், பொறியியலுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதே.

பள்ளிக்கு வெளியே நம் மாவட்டத்தில் அவளுக்குக் கிடைக்கக்கூடியதை லண்டனில் தேடினாலும் கிடைக்காது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. வாளோடு பாயும் வீரன், பக்கத்தில் அவன் மீட்ட மாடு, நாலு கோட்டில் செதுக்கிய வேகம். கோட்டை மல்லிகார்ச்சுனர் கோயிலில் நுளம்பர் காலத்து வேலைப்பாடும் தொங்கும் தூணும் இருக்கின்றன. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் மங்கிக்கொண்டு வருகின்றன. யாராவது பார்த்து வரைந்து வைத்தால் நல்லது. மாசி, பங்குனியில் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். அரூர் தாண்டி சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் பாட்டிகளின் பூத்தையலை மீட்டெடுத்து விற்கிறார்கள். அதே பள்ளத்தாக்கில் 2004 முதல் துளிர் என்ற கற்றல் மையமும் நடக்கிறது. பிள்ளைகள் கையால் செய்து கற்கும் இடம். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வரைந்தது எதையும் கிழித்துப் போடவேண்டாம் என்று அவளிடம் சொல். தேதி போட்டு ஒரு பெட்டியில் சேர்த்து வைக்கட்டும். பெயிண்ட், தாள் எல்லாம் இங்கேயும் கிடைக்கும், அங்கிருந்து சுமந்து வரவேண்டாம். அருங்காட்சியகத்துக்கு என்று விடுமுறை என்பதை விசாரித்துக்கொள். ஞாயிறு காலையில் வந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். மற்ற மூன்று பேரும் சந்தேகம் இருந்தால் இரவு ஏழு மணிக்குமேல் பேசுங்கள், அதற்குமுன் பேரனுக்கு வாய்ப்பாடு.